உதவித்தொகையில் இருக்கும்போது ஒரு மாத வேலை வந்தால் எடுக்கலாமா?

#1 கரையோரம்

வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை என்று பேச்சு எடுத்தாலே எவ்வளவு கொடுப்பது, எத்தனை மாதம் கொடுப்பது என்ற இரண்டைச் சுற்றியே வாதம் நடக்கிறது. அதிகம் கொடுத்தால் ஆள் சோம்பிவிடுவான் என்பார் ஒருவர். குறைத்தால் வாடகை எப்படிக் கட்டுவது என்பார் இன்னொருவர். நீண்ட நாளாக என் மனதை அரிக்கும் கேள்வி வேறு. உதவித்தொகையில் இருக்கும் ஒருவருக்கு நடுவில் ஒரு மாதத்துக்கு மட்டும் ஒரு வேலை வருகிறது. எடுத்துக்கொண்டால் அவருக்கு லாபமா, நஷ்டமா?

பல இடங்களில் நஷ்டம்தான், அல்லது நஷ்டமாகிவிடுமோ என்ற பயம். ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு உதவித்தொகை வாங்குபவர் வாரம் 15 மணி நேரத்துக்குள் வேலை செய்தால் மாதம் 165 யூரோ வரை அவருக்கே. அதற்கு மேல் வருவது உதவித்தொகையில் கழிந்துவிடும். 15 மணி நேரத்தைத் தொட்டுவிட்டால் அவர் வேலையில்லாதவர் என்ற கணக்கிலேயே வரமாட்டார். பாக்கி உரிமை அழிந்துவிடாது, ஆனால் வேலை முடிந்ததும் மறுபடி போய்ப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பீட்டில் ஒழுங்காக எழுதப்பட்ட விதி இது. இதைவிடக் குழப்பமானவை எத்தனையோ.

எனக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. பிரசவ விடுப்பில் போகிற ஒருவருக்குப் பதிலாகக் கணக்குவழக்கு பார்க்க வேண்டும். எனக்குப் பழகிய வேலை. முடிந்த பிறகு உதவித்தொகை எப்போது திரும்ப ஆரம்பிக்கும் என்று அலுவலகத்தில் கேட்டேன். "முதலில் சேருங்கள், முடிந்ததும் வந்து பாருங்கள்" என்றார்கள். தேதி சொல்லுங்கள் என்றேன், சொல்லவில்லை. அந்த இடைவெளியில் வீட்டு வாடகையை யார் கொடுப்பது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என்னைச் சோம்பேறி என்று எழுதுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. வேலை செய்யாதே என்று எனக்குச் சொன்னது அந்த விதி. மற்றவர்கள் அனுபவம் என்ன?

#2 கணக்கன்

உங்கள் முடிவு பொருளாதாரப் பாடப்படியும் சரியான முடிவுதான். சம்பளம் ஏறும்போது உதவித்தொகை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதுதான் வேலை தேடுபவர் எதிரில் நிற்கும் உண்மையான வரி. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் 2021 கடைசி வரை ஒவ்வொரு 100 பவுண்டு நிகரச் சம்பளத்துக்கும் 63 பவுண்டு குறைத்தார்கள். பிறகு அதை 55 ஆக்கினார்கள். அப்படியும் கையில் நிற்பது 45. அதில் பஸ் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாம் போக வேண்டும். பெரிய சம்பளக்காரர் யாரிடமும் 55 சதவீத வரி கேட்டால் ஊரே கொந்தளிக்கும்.

அப்புறம், சோம்பேறித்தனம் பற்றி. உதவித்தொகைக் காலம் முடியும் வாரத்தில் திடீரென்று நிறையப் பேர் "வேலை கிடைத்து" வெளியேறுகிறார்கள் என்று ஒரு வரைபடத்தை அடிக்கடி காட்டுவார்கள். அதுவரை சும்மா இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி என்பார்கள். ஆஸ்திரியாவின் பதிவேடுகளை வைத்து கார்ட், செட்டி, வெபர் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2007-ல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். பதிவேட்டிலிருந்து பெயர் நீங்குவதில் பெரிய எழுச்சி தெரிந்தது. உண்மையில் வேலையில் சேர்வதில் தெரிந்தது மிகச் சிறிய எழுச்சி. அதாவது பணம் நின்றதும் அலுவலகத்துக்கு வருவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பணம் வராத இடத்தில் யார் போய்க் கையெழுத்துப் போடுவார்கள்?

அதே ராஜ் செட்டி 2008-ல் எழுதியது இன்னும் முக்கியம். உதவித்தொகை கூடினால் தேடும் காலம் நீள்வது உண்மை. ஆனால் நீள்வது பெரும்பாலும் கையில் சேமிப்பு இல்லாதவர்களிடம். சேமிப்பு உள்ளவர்களிடம் மாற்றமே இல்லாத அளவுக்குக் குறைவு. கிடைத்ததைப் பிடி என்ற நெருக்கடி தளர்ந்து, நல்ல வேலைக்குக் காத்திருக்க முடிகிறது. அந்த நீட்சியில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீதம், இப்படி வருவது என்பது அவர் மதிப்பீடு. மீதியை வேண்டுமானால் ஊக்கம் குறைந்ததாகச் சொல்லலாம்.

#3 சின்னப்பட்டறை

நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவன். சிறிய தொழில், ஆள் எடுப்பவன். கோபப்படாமல் படியுங்கள்.

கரையோரம் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆர்டர் கூடும் மாதங்களில் ஆறு வாரத்துக்கு ஆள் கேட்டால், நல்ல வேலைக்காரர்கள் தயங்குகிறார்கள். "சம்பளத்தில் எழுதாமல் கையில் கொடுத்தால் வருகிறேன்" என்று ஒருவர் கேட்டார். நான் முடியாது என்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கணக்கில் ஏற்றினால், வேலை முடிந்த பிறகு அவருக்கு ஒரு மாதம் வருமானமே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. நேர்மையாக வேலை செய்ய நினைத்தவரைத் திருட்டுத்தனமாக வேலை செய்யச் சொல்லித் தள்ளுகிறது விதி.

இன்னொரு தொல்லையும் உண்டு. வாரத்துக்கு இத்தனை விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும் என்று எங்கெல்லாம் விதி இருக்கிறதோ அங்கெல்லாம் என் போன்றவர்களின் மெயில் பெட்டி நிரம்பி வழிகிறது. வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும் என்று போட்டால் தட்டச்சர், சமையல்காரர், ஓட்டுநர், எல்லோரும் அனுப்புகிறார்கள். "எனக்கு இந்த வேலை தெரியாது, விண்ணப்பித்ததற்குச் சான்றாக ஒரு பதில் மட்டும் அனுப்புங்கள்" என்று ஒரு பெண் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். அனுப்பினேன். அந்த ரெசியூமைப் படித்த நேரம் எனக்கு நஷ்டம். எழுதிய நேரம் அவருக்கு நஷ்டம். நிஜமாகவே வெல்டிங் தெரிந்த ஒருவரின் கடிதம் அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்து, நான் பார்ப்பதற்குள் அவர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். மூன்று பேருக்கு நஷ்டம்.

#4 மேசைக்கு_அந்தப்பக்கம்

வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில் ஆலோசகராகப் பல வருடம் இருந்தேன். இப்போது இல்லை. எந்த நாடு, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை.

சின்னப்பட்டறைக்கு அந்த விண்ணப்பங்கள் எப்படி வருகின்றன என்று சொல்கிறேன். எனக்கு முன்னால் ஒரு திரை இருக்கும். அதில் "இந்த இரண்டு வாரத்தில் எடுத்த முயற்சிகள்" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஏறுவது நிறுவனத்தின் பெயரும் தேதியும்தான். பழைய சக ஊழியரைப் பார்த்துப் பேசினேன் என்பதற்கு அதில் இடமில்லை. ஒருவர் பகல் முழுக்கப் பட்டறை வாசல்களில் நேராகப் போய்க் கேட்டு வந்தார், கையில் எந்தச் சான்றும் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரி கேட்பார். ஆகவே நானே, "வீட்டிலிருந்தே நாலு இடத்துக்கு மெயில் அனுப்பிவிடுங்கள், அது போதும்" என்று சொல்ல வேண்டி வந்தது. நல்ல தேடலை விட்டுவிட்டு எண்ணக்கூடிய தேடலைச் செய்யச் சொன்னோம். பிரிட்டனில் வாரம் 35 மணி நேரம் வரை வேலை தேட வேண்டும் என்று ஒப்பந்தம் எழுத வைக்கிறார்கள். தினம் ஏழு மணி நேரம் வேலை தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்றாம் வாரத்தில் போட வேண்டிய இடமே தீர்ந்துபோகும்.

தண்டனை பற்றியும் சொல்ல வேண்டும். சந்திப்புக்கு வராவிட்டால், வேலையை மறுத்தால், பணத்தைக் குறைப்பது. அது வேலையே செய்யாது என்று சொல்லமாட்டேன். எச்சரிக்கைக் கடிதம் போனாலே பலர் சீக்கிரம் வேலைக்குப் போகிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது: அப்படிப் போனவர்களின் பிற்காலச் சம்பளம் குறைவு. பயத்தில் பிடித்த வேலை தன் தகுதிக்குக் கீழே இருந்தது, அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. பிரிட்டனில் ஒரு கட்டத்தில் மூன்று வருடம் வரை நிறுத்தலாம் என்று வைத்திருந்தார்கள். 2019-ல் அதை ஆறு மாதமாக்கினார்கள். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2019 நவம்பர் 5 அன்று, அடிப்படை உதவித்தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கும் அப்போதைய விதி செல்லாது என்றது. மனித மாண்புக்கான குறைந்தபட்சம் என்று அரசே கணக்கிட்ட தொகையில் கைவைப்பது பற்றிய தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பை என் போன்ற வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன்.

#5 வடகாற்று

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், கொஞ்சம் எதிர்ப் பக்கமும் பார்ப்போம். குறுகிய வேலைக்கும் உதவித்தொகைக்கும் நடுவில் வாசலைத் தாராளமாகத் திறந்து வைத்தால் நடப்பதை பிரான்ஸ் காட்டியிருக்கிறது.

அங்கே 2014 அக்டோபரிலிருந்து உரிமையை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அப்போது கொஞ்ச நாள் வேலை செய்தாலே அதற்கேற்ப உரிமை சேர்ந்தது, பழைய பாக்கியும் அழியவில்லை. வேலை செய்த மாதத்திலும் பகுதி உதவித்தொகை வாங்கலாம். கரையோரம் கேட்பது கிட்டத்தட்ட இதுதான். முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஒரு மாதத்துக்கும் குறைவான ஒப்பந்தங்கள் குவிந்தன. ஒரே ஆளை ஒரே நிறுவனம் வாரக் கணக்கில் எடுத்து, விட்டு, மறுபடி எடுத்தது. நடு நாட்களுக்கான சம்பளத்தைக் காப்பீட்டு நிதி கொடுத்தது. நிரந்தரமாக வைக்க வேண்டிய ஆளைத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ள அரசே மானியம் தந்த மாதிரி ஆயிற்று.

அதைச் சரி செய்யப் போய் 2021 அக்டோபரில் கணக்கிடும் முறையையே மாற்றினார்கள். தினக் கூலியைக் கணக்கிடும்போது வேலையில்லாத நாட்களையும் சேர்த்து வகுத்தார்கள். விட்டு விட்டு வேலை செய்தவர்களின் உதவித்தொகை சரிந்தது. அதற்கு முன் ஜூனில் உயர் நிர்வாக நீதிமன்றமே அதை ஒருமுறை நிறுத்தி வைத்திருந்தது. ஆகவே சின்ன வேலைக்கு வழி விடு என்பதோடு பேச்சு முடிவதில்லை.

#6 கரையோரம்

வடகாற்று, நல்ல கேள்வி. ஆனால் பிரான்ஸ் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஒப்பந்தத்தைத் துண்டாக்கியது யார்? தொழிலாளி அல்ல. அடி விழுந்தது தொழிலாளிக்கு.

அதே நாடு 2022 செப்டம்பரிலிருந்து ஏழு துறைகளில் வேறொன்றையும் செய்தது. அடிக்கடி ஆளை எடுத்து விடும் நிறுவனம் காப்பீட்டுக்கு அதிகப் பங்கு கட்ட வேண்டும், ஆளை நிலையாக வைத்திருக்கும் நிறுவனம் குறைவாகக் கட்டலாம். அமெரிக்காவில் இந்த எண்ணம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1930-களில் திட்டம் வந்தபோதே, எத்தனை பேரை வேலையை விட்டு நிறுத்துகிறாய் என்பதைப் பொறுத்து முதலாளியின் வரி என்று வைத்தார்கள். துண்டு வேலையின் செலவு துண்டு வேலையால் லாபம் பார்ப்பவர் தலையில் விழட்டும். எடுத்துக்கொண்டவரின் வாடகையில் ஏன் விழ வேண்டும்?

#7 சின்னப்பட்டறை

முதலாளி என்ற முறையில் இதற்கு ஒரு வார்த்தை. எல்லா குறுகிய வேலையும் ஏமாற்று அல்ல. என் தொழிலில் வருடத்தில் மூன்று மாதம் வேலை இரட்டிப்பாகும், அதை நான் மாற்ற முடியாது. அதற்கு எனக்குக் கூடுதல் பங்கு போட்டால் கட்டுவேன், சரி. ஆனால் அமெரிக்க முறையில் ஒரு கெட்ட பக்கம் இருக்கிறது. வரி ஏறும் என்பதால், வேலை போனவர் உதவித்தொகை கேட்டதும் "இவர் தப்பு செய்ததால் நீக்கினோம்" என்று நிறுவனங்களே எதிர்த்து மனுப் போடுகின்றன. அதற்கென்றே ஆள் வைத்துச் செய்யும் நிறுவனங்களும் இருக்கின்றன. வேலை போன வாரத்தில் ஒரு மனிதர் பழைய முதலாளியோடு விசாரணையில் நிற்க வேண்டும். நான் அப்படி ஒருநாளும் செய்யமாட்டேன், ஆனால் விதி அதற்குக் காசு தருகிறது.

#8 கணக்கன்

இதுவரை எல்லோரும் உதவித்தொகை வாங்குபவரைப் பற்றியே பேசினோம். பக்கத்தில் நிற்பவரையும் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரியாவில் உருக்குத் தொழில் சரிந்தபோது, 1988-லிருந்து 1993 வரை, சில பகுதிகளில் 50 வயது கடந்த, நீண்ட காலம் உழைத்தவர்களுக்கு மட்டும் உதவித்தொகைக் காலத்தை 209 வாரமாக நீட்டினார்கள். ஏறத்தாழ நான்கு வருடம். அவர்கள் வேலை தேடும் வேகம் குறைந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே பகுதியில், அதே வயதில், அந்தச் சலுகைக்குத் தகுதியில்லாதவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தது. வரிசையில் சிலர் ஒதுங்கி நின்றதால் மற்றவர்கள் முன்னேறினார்கள்.

இதைத் திருப்பிப் படியுங்கள். காலி இடங்கள் குறைவாக இருக்கும் நேரத்தில் ஒருவரைத் தண்டனை காட்டி விரட்டினால், அவர் பிடிக்கும் வேலை பெரும்பாலும் இன்னொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. ஆவணத்தில் வெற்றி என்று பதிவாகும். மொத்த வேலை எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஆட்கள் கிடைக்காமல் தொழில்கள் தவிக்கும் நேரத்தில் கதை வேறு. அப்போது தேடல் கூடினால் வேலையும் உண்மையாகவே கூடும். ஆகவே ஒரே விதியை எல்லாக் காலத்துக்கும் வைப்பதே தப்பு என்பது என் கருத்து. கனடாவில் உதவித்தொகைக்குத் தேவையான வேலை நேரம் பகுதியின் வேலையின்மை விகிதத்தைப் பொறுத்து 420-லிருந்து 700 மணி நேரம் வரை மாறும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் ஒரு கணக்கு என்ற புகார் அங்கே உண்டு. ஆனாலும் அடிப்படை எண்ணம் சரி.

2021 ஜூனில் அமெரிக்காவின் ஏறத்தாழ பாதி மாநிலங்கள் பெருந்தொற்றுக் காலக் கூடுதல் உதவியை முன்கூட்டியே நிறுத்தின. மற்றவை செப்டம்பர் வரை கொடுத்தன. இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது. நிறுத்திய மாநிலங்களில் வேலைக்குப் போனவர்கள் கொஞ்சம் கூடினார்கள். பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. அவர்கள் செலவைக் குறைத்தார்கள். அந்தச் செலவு யாரோ ஒரு கடைக்காரரின் வருமானம்.

#9 ஈரநிலம்

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீங்கள் எல்லோரும் பேசுவது சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்களைப் பற்றி. உலகத்தில் வேலையில்லாதவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட ரொக்க உதவித்தொகை கிடைப்பதில்லை என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. வேலையின்மை உதவி முந்தைய வருமானத்தில் குறைந்தது 45 சதவீதம் இருக்க வேண்டும் என்று அதே அமைப்பின் 102-ஆம் உடன்படிக்கை 1952-லேயே எழுதிவிட்டது.

பதிவில்லாத வேலை பெருகிய நாடுகளில் இன்னொரு சிக்கல். பிரேசிலில் உதவித்தொகை வாங்கியபடியே பதிவில்லாமல் வேலை செய்வதும், தொழிலாளியும் முதலாளியும் பேசிவைத்துக்கொண்டு காகிதத்தில் மட்டும் வேலைநீக்கம் செய்வதும் ஆய்வுகளில் தெரிய வந்திருக்கின்றன. சின்னப்பட்டறையிடம் ஒருவர் கேட்டாரே, "கையில் கொடுங்கள்" என்று, அதேதான், பெரிய அளவில்.

நான் வீட்டிலிருந்து துணி தைத்துக் கொடுப்பவள். ஆர்டர் நின்றால் எனக்கு என்ன விதி? எதுவும் இல்லை. அதனால் சந்திப்புக்கு வரச் சொல்லி உங்களைத் துன்புறுத்துகிறார்கள் என்று படிக்கும்போது, எனக்கு அழைப்பே வராது என்பதுதான் மனதில் ஓடுகிறது.

#10 மேசைக்கு_அந்தப்பக்கம்

ஈரநிலம், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுயதொழில் செய்பவர்களும் விரும்பினால் சேரலாம் என்ற வழி சில நாடுகளில் இருக்கிறது. டென்மார்க்கில் வேலையின்மைக் காப்பீடே விருப்பப்பட்டுச் சேர்வதுதான், சுயதொழிலாளர்களும் சேரலாம். ஆனால் மாதச் சந்தா கட்டும் அளவுக்கு வருமானம் நிலையாக இருக்க வேண்டும். நிலையில்லாதவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. வரிப்பணத்திலிருந்து ஒரு அடித்தளம் போடாமல் காப்பீடு மட்டும் உங்களை எட்டாது என்று நினைக்கிறேன்.

ஃபின்லாந்தில் 2017, 2018 ஆகிய இரண்டு வருடம் 2000 வேலையில்லாதவர்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள். வேலை கிடைத்தாலும் அந்தப் பணம் நிற்காது. இரண்டாம் வருடத்தில் அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஆறு நாள் போல அதிகம் வேலை செய்தார்கள். சிறிய வித்தியாசம்தான், அதே வருடம் வேறு விதிகளும் மாறியதால் அதைக்கூட முழுதாக இதன் கணக்கில் எழுத முடியாது. நான் கவனிப்பது வேறு: நிபந்தனையை எடுத்தால் ஆட்கள் வேலையை விட்டு ஓடிவிடுவார்கள் என்று பயந்தவர்கள் சொன்னது நடக்கவில்லை. மன அழுத்தம் குறைந்தது என்றும் அவர்களே சொன்னார்கள். என் மேசைக்கு எதிரில் கை நடுங்க உட்கார்ந்தவர்களைப் பார்த்தவன் என்பதால் இது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

#11 புதுப்பாதை

நான் இப்போது இதே நிலையில் இருக்கிறேன். ஐந்து வார வேலை ஒன்று வந்திருக்கிறது, இந்த வாரம் பதில் சொல்ல வேண்டும். நிலைமை சரியில்லை என்றால் நடுவில் விட்டுவிடலாமா? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

#12 மேசைக்கு_அந்தப்பக்கம்

புதுப்பாதை, நாட்டுக்கு நாடு விதி மாறும், ஆனால் கேட்க வேண்டியவை எங்கும் ஒன்றுதான். சேர்வதற்கு முன்னால் கேளுங்கள், போனில் வேண்டாம், எழுத்தில். வேலை முடிந்தால் என் பழைய உரிமை தொடருமா, அல்லது புது விண்ணப்பமா? தொடரும் என்றால் எத்தனை மாதத்துக்குள் திரும்பி வர வேண்டும்? ஜெர்மனியில் பாக்கி உரிமையை நான்கு வருடத்துக்குள் கேட்கலாம். யுனிவர்சல் கிரெடிட்டில் ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பழைய கணக்கு நாட்களே தொடரும். இது தெரியாமல், புது விண்ணப்பத்துக்கு உள்ள ஐந்து வாரக் காத்திருப்பை நினைத்து வேலையை மறுத்தவர்கள் இருப்பார்கள். சம்பளம் வரும் தேதியையும் கேளுங்கள். ஐந்து வார வேலையின் பணம் ஒரே மாதக் கணக்கில் விழுகிறதா, இரண்டில் விழுகிறதா என்பதைப் பொறுத்து கழிக்கும் தொகை மாறலாம்.

நடுவில் விடுவது பற்றி: நீங்களே விலகினால் பல நாடுகளில் தடைக்காலம் உண்டு, ஜெர்மனியில் வழக்கமாக 12 வாரம். உங்கள் தப்பு இல்லாமல் நிறுவனம் நிறுத்தினாலோ ஒப்பந்தத் தேதி முடிந்தாலோ அப்படி இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி அச்சில் இருக்கட்டும். பாதுகாப்பு இல்லாத வேலை, சம்பளம் தராதது, துன்புறுத்தல் போன்ற காரணங்களை நியாயமான காரணமாக ஏற்பார்கள், ஆனால் விலகுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் ஒன்றாவது கையில் இருந்தால்தான் உங்கள் ஆலோசகரால் எதையாவது செய்ய முடியும். பதில் எழுத்தில் வராவிட்டால், யாரிடம் என்றைக்குக் கேட்டீர்கள் என்று குறித்து, அதையே அவர்களுக்கு மெயிலாக அனுப்பிவிடுங்கள். நான் அந்த மேசையில் இருந்தபோது, அப்படி மெயில் வந்த கோப்புகளுக்கு யாரும் "வந்து பாருங்கள்" என்று பதில் சொன்னதில்லை.